கப்பல் தொப்பிக்குள் அம்மா

1979 ஜூன் 12, செவ்வாய்

மறுபடியும் கொப்புளம். தோட்டத்து ஜீப்பின் பொனட்டுக்குத் தம்பி மத்தியாஸ் நேற்று அடித்த பச்சை, இன்று காலையில் குளிரில் சிலிர்த்த தோல் மாதிரி இருந்தது. நகத்தால் ஒன்றைக் கீறினேன். உள்ளே ஒரு துளி தண்ணீர்.

"பெயின்ட்ல பிழையில்லக்கா. காத்துலதான். இந்த கம்ப்ரஸர் பனியக் குடிச்சிட்டு பெயின்ட்டோட சேத்துத் துப்புது" என்றான் தம்பி. லிந்துலையில் ஜூன் மாதத்துக் காற்றில் பாதி தண்ணீர்தான். அதைப் பிடித்து இரும்புத் தாங்கிக்குள் நெருக்கினால் வேறென்ன வரும்? தினமும் காலையில் அப்பா தாங்கியின் அடிக்குழாயைத் திறந்துவிடுகிறார். ஒரு பெருமூச்சு. பிறகு துருநிறத் தண்ணீர், பழைய பால்மா டின் நிறைய. அம்மா இறந்ததிலிருந்து அவர் தவறாமல் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

தோட்டத்துத் துரை வந்து பார்த்தார். "மே மொக்கத, பாஸ்?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போனார். இது என்ன என்று. மத்தியாஸுக்கு முகம் செத்துவிட்டது.

ஜூன் 17, ஞாயிறு

பூசை முடிந்து மூவரும் அம்மாவின் கல்லறைக்குப் போனோம். இரண்டு வருடத்துக்குள் இரும்புச் சிலுவையின் பூச்சு உரிந்து, "தெரேசா" என்ற பெயரில் பாதிதான் மிச்சம். நவம்பரில் ஆன்மாக்கள் திருநாளுக்குள் தானே வெள்ளி பெயின்ட் அடித்துத் தருவதாக மத்தியாஸ் சொன்னான். "ஆனா காத்த சரி பண்ணிட்டுத்தான். எங்கம்மாவுக்கு கொப்புளம் வைக்க மாட்டேன்." பிறகு இருமினான், வளைந்து, வெகுநேரம். பெயின்ட் புகை. அம்மாவும் கடைசி நாட்களில் இப்படித்தான் வளைந்து இருமினாள்.

ஜூன் 25, திங்கள்

தலவாக்கலையிலிருந்து பழைய சாமான் விற்கும் நஸார் நானா ஒரு விசித்திரமான சாமானோடு வந்தார். தோளை மூடும் கன்வஸ் தொப்பி, முகத்துக்கு நேரே கண்ணாடி, பின்தலையில் குழாய். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்கு பெயின்ட் அடிப்பவர்கள் போடுவதாம். கம்ப்ரஸர் காற்றையே குழாய் வழியாக உள்ளே விட்டால் பெயின்ட் புகை மூக்குக்கு வராது.

"போட்டுப் பாருங்க தம்பி. சந்திரனுக்குப் போன ஆள் மாதிரி இருப்பீங்க."

"சந்திரன்ல பனி இல்ல நானா. இங்க என்ன ஆகும்னு பாப்போம்."

ஆனது இதுதான்: கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வெளுத்தது, பிடரியில் தண்ணீர் சொட்டியது, குருடன் மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு வெளியே வந்தான். அப்பாகூடச் சிரித்தார்.

ஜூலை 3, செவ்வாய்

இந்த மலையில் காய்ந்த காற்று எங்கே இருக்கிறது? தம்பி ஒரு வாரமாக இதையே யோசித்திருக்கிறான். விடை எங்கள் கராஜின் சுவருக்கு அந்தப் பக்கம். இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கும் அறை. விறகு எரிந்துகொண்டே இருக்கும் பெரிய அடுப்பு. பெருமழையிலும் அங்கே உதடு வெடிக்கும்.

இஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கணேசமூர்த்தி அண்ணன் சம்மதித்துவிட்டார். சுவரில் துளை போட்டு, கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாயை அடுப்பின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். "நம்ம தேயில குடிக்கிற காத்தயே நீயும் குடி" என்றார் அண்ணன்.

கெட்டிக்காரன் என் தம்பி. அதை அவனிடம் சொல்லவில்லை, தலைக்கேறிவிடும்.

ஜூலை 6, வெள்ளி

பொனட்டில் என் முகம் தெரிகிறது. அப்பா குழாயைத் திறந்தார், டின்னில் நாலு சொட்டு. தொப்பியின் கண்ணாடியும் தெளிவாக இருக்கிறதாம். தலைவலி மட்டும் கொஞ்சம் என்றான். சந்தோஷத்தில் சாப்பிட மறந்திருக்கிறான், அதுதான்.

ஜூலை 19, வியாழன்

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அக்கா, அம்மா என்னய எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஏன், மறந்துட்டியா? சின்னவனேன்னு."

"அதான். சரியாத்தான் கேட்டிருக்கு."

மேலே சொல்லமாட்டேன் என்றான். நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

ஜூலை 24, செவ்வாய்

சொல்லிவிட்டான். தொப்பிக்குள் அம்மா பேசுகிறாள். எப்போதும் ஒரே வார்த்தைதான். "சின்னவனே, வெளிய வாடா."

அவன் பயப்படவில்லை. பயந்தது நான்தான். தொடர்ந்து இரையும் ஓசைக்குள் மனம் தனக்கு வேண்டியதைச் செதுக்கிக்கொள்ளும் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். அருவிக்குப் பக்கத்தில் நின்றால் யாரோ கூப்பிடுவதுபோல எல்லோருக்கும்தான் கேட்கும். அதை அவனிடம் சொன்னேன்.

"அருவிக்கு என் பேரு தெரியுமா? அதுவும் வீட்டுப் பேரு?"

ஜூலை 31, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் இன்று அரை நாள். கராஜ் வாசலில் நின்று பார்த்தேன். லொறிக் கதவுக்கு அடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் பெயின்ட் கன்னைத் தாழ்த்தினான். தொப்பி மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பியது. தலையை ஆட்டினான், ஆமாம், ஆமாம் என்று, சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி. கண்ணாடியில் வெளிச்சம் பட்டதால் முகம் தெரியவில்லை. அந்த வெளிச்சம் அசைந்த விதம் — உள்ளே இரண்டு முகங்கள் இருப்பதைப் போல.

நான் திரும்பி வந்துவிட்டேன். படித்த பெண். இருபத்தாறு வயது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

அவசர வேலை என்று இன்று பின்னேரமும் கராஜுக்குப் போனான். சீக்கிரமே திரும்பினான்.

"இன்னைக்கு வரமாட்டாங்க. ஞாயித்துக்கிழம அம்மா பூசையத் தவற விட்டதே இல்லையே. திங்களும் வர்றதில்ல. அது ஏன்னுதான் தெரியல."

இதைச் சாதாரணமாகச் சொல்கிறான். பாண் வாங்க கூட்டுறவுக் கடை திங்கள் திறக்காது என்பதுபோல.

ஆகஸ்ட் 9, வியாழன்

பக்கத்து லயத்து வரிசை வீட்டு நாகலெட்சுமிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கொழுந்துக் கூடையோடு வந்து என் காதுக்குள் சொன்னாள்: "டீச்சர், செத்தவங்க வெளிய வான்னு கூப்பிடுறது நல்லதுக்கில்ல. உடம்ப வுட்டு வெளிய வான்னுதான் அர்த்தம். தம்பிய பதில் பேச வேணாம்னு சொல்லுங்க."

இதைத்தான் நான் இத்தனை நாளும் எழுதாமல் இருந்தேன். அம்மா அவனைக் கூட்டிப்போக வந்திருக்கிறாளா? அவன் மெலிந்துவிட்டான். காலையில் எழும்பும்போதே தலையைப் பிடித்துக்கொள்கிறான். நேற்றுப் படியில் தடுமாறினான்.

பின்னேரம் கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து கராஜ் முழுக்கத் தெளித்தேன். மத்தியாஸ் அலறிக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா! தண்ணியா தெளிக்கிறே? இப்பதானே ரெண்டாவது கோட் அடிச்சேன்! பேய வெரட்ட வந்தியா, பெயின்ட்ட வெரட்ட வந்தியா?"

இருவரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 16, வியாழன்

அப்பா. அப்பாவும்.

பள்ளிக்கூட விடுமுறை. பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன். எண்ணெய் பீப்பாமேல் தொப்பி போட்ட ஓர் உருவம். கையில் கன் இல்லை. இரண்டு கைகளும் முழங்கால்மேல், கோயிலில் உட்கார்வதுபோல. மத்தியாஸ் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றிருந்தான். அப்படியானால் உள்ளே யார் என்று ஒரு கணம்… அந்தக் கணத்தை மறக்க முடியாது.

தொப்பியைக் கழற்றியபோது அப்பாவின் முகம் கள்ளுக் குடித்ததுபோலச் சிவந்திருந்தது.

"பேசினாங்களாப்பா?" என்று தம்பி கேட்டான்.

"சமைச்சிக்கிட்டு இருந்தா. கரண்டிச் சத்தம் கேட்டுச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டு: "புகையா இருக்கு, வெளிய போய் நில்லுங்கன்னா."

லயத்துக் குசினியில் அம்மா எங்களை விரட்டும் வார்த்தை. இரண்டு வருடத்தில் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 22, புதன்

நாகலெட்சுமி இன்று எச்சரிக்க வரவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி வந்து நின்றாள். போன வருடம் காய்ச்சலில் போன தன் மகளின் குரலை ஒருதரம் கேட்கவேண்டுமாம். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், தேங்காய் பழத்தோடு.

"பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"அது மத்தவங்களுக்குச் சொல்றது டீச்சர்."

மத்தியாஸால் மறுக்க முடியவில்லை. நானும் தடுக்கவில்லை. எதைச் சொல்லித் தடுப்பேன்?

வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். தூக்கி வெளியே கொண்டுவந்தோம். வாந்தி எடுத்தாள். வெற்றிலை போடாத வாய், ஆனால் உதடுகள் சிவப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"வந்துச்சு டீச்சர். கையப் புடிச்சி இழுத்துச்சு. வாம்மா, வெளிய போவோம் வாம்மான்னு."

மற்ற இரண்டு பெண்களும் அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். பயந்து அல்ல. வரிசைக்கு இடம் சொல்லிவிட்டு.

மூன்று பேர். மூன்று குரல். ஒரே சொல்.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

எழுதாவிட்டால் தூங்க முடியாது.

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்தது. இன்று காலை ஐந்தாம் வகுப்புக்கு சுகாதாரப் பாடம். போன குளிரில் நுவரெலியாவில் கதவைச் சாத்தி, கரி அடுப்பு மூட்டிப் படுத்த தம்பதிகள் எழும்பவே இல்லை. அதனால் இந்தப் பாடத்தை நான் ஒவ்வொரு பள்ளித் தவணையும் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகள் சத்தம் போட்டுச் சொன்னார்கள்: "மூடிய அறையில் கரி மூட்டக் கூடாது! அந்த வாயுவுக்கு மணமில்லை! நிறமில்லை! தலை வலிக்கும்! மயக்கம் வரும்! உடனே —"

"உடனே?" என்றேன், வழக்கம்போல.

"வெளியே வர வேண்டும்!"

சோக்கட்டி கையிலிருந்து விழுந்தது.

ஞாயிறு பின்னேரம் இஸ்டோரில் நெருப்பு இல்லை. ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை, அதனால் திங்களும் இல்லை, திங்கள் எடுத்த கொழுந்து செவ்வாய்தான் அடுப்புக்கு வரும். நெருப்பு இல்லாத நாளில் அம்மா வருவதில்லை. பாதிரியாருக்கும் பூசைக்கும் அதில் என்ன வேலை? அடுப்பு… அடுப்புதான்… ஐயோ, இன்னைக்கு செவ்வா!

மழையில் ஓடினேன். செருப்பு எங்கே விழுந்ததோ. கன் தரையில் கிடந்து தனியாகச் சீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன், மல்லாந்து, தொப்பியோடு. கண்ணாடிக்குள் கண் பாதி திறந்திருந்தது. வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தொப்பியைப் பிடுங்கி, அக்குளில் கை கொடுத்து, புல்லுக்கு இழுத்துவந்தேன். உதடும் நகமும் செக்கச்செவேலென்று. செத்தவன் இவ்வளவு அழகாக இருப்பானா என்று நினைத்தேன். அந்த நினைப்பை மன்னிக்க வேண்டும் ஆண்டவரே.

மழை அவன் முகத்தில் விழுந்தது. மூச்சு இருந்தது. இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள். அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 30, வியாழன்

கண் திறந்தான். முதல் வார்த்தை: "ஏன் கழட்டுனே?"

செப்டம்பர் 2, ஞாயிறு

அடுப்பு ஆறியபின் கணேசமூர்த்தி அண்ணன் உள்ளே ஒரு அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்தார். ஜன்னல்களை அடைத்து இருட்டில் நின்றோம். அடுப்பின் முதுகில், எங்கள் குழாயின் வாய்க்கு நேரே, தலைமயிர் கனத்தில் ஒரு வெளிச்சக் கோடு. இரும்புத் தகடு வெடித்திருக்கிறது. இத்தனை நாளும் அதன் வழியாக வந்ததைத்தான் கம்ப்ரஸர் இழுத்து, நெருக்கி, தொப்பிக்குள் ஊட்டியிருக்கிறது. காய்ந்த காற்றைத் தேடினோமே தவிர, சுத்தமான காற்றா என்று யாரும் கேட்கவில்லை.

"நான்தானே தம்பிய குடின்னு சொன்னேன்" என்றார் அண்ணன். அழுதார்.

துளையைச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைத்தோம்.

செப்டம்பர் 11, செவ்வாய்

மத்தியாஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். எல்லாவற்றையும் விளக்கினேன், படம் போட்டு. பொறுமையாகக் கேட்டான்.

"சரிக்கா. அந்தக் காத்து மூளையக் கலக்குது. சரி. ஆனா அம்மாவ வெளிய தள்ளி அடைச்சது நீதானே."

நாகலெட்சுமி தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம்: "டீச்சர் கதவச் சாத்திட்டாங்க. அவங்க அம்மா வந்தாங்க, நம்ம புள்ளைங்க வரக்கூடாதா?"

செப்டம்பர் 20, வியாழன்

சாக்கு தரையில் கிடக்கிறது. துளை திறந்திருக்கிறது. தம்பி நான் இல்லை என்றான். அவன் பொய் சொல்லமாட்டான்.

அப்பாவின் நகத்துக்குள் களிமண்.

செப்டம்பர் 21, வெள்ளி

அப்பாவிடம் கேட்டேன். நேராகவே கேட்டேன். வாயு, வெடிப்பு, ஆஸ்பத்திரி என்று பேசக்கூடாது என்று இரவெல்லாம் தீர்மானித்திருந்தேன். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும்தான் திறந்திருக்கிறார்.

"அம்மா உங்ககிட்ட என்னப்பா சொன்னாங்க?"

நகத்துக்குள் இருந்த களிமண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

"வெளிய போய் நில்லுங்கன்னுதானே? சின்னவன்கிட்டயும் அதத்தானே சொன்னாங்க. வாங்க, கூட வந்துருங்கன்னா சொன்னாங்க? உயிரோட இருந்தப்ப அவங்க சொன்னத ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா? இப்பவும் கேக்கமாட்டீங்களா?"

கொடூரமாகப் பேசிவிட்டேன். அப்பா எழுந்து போய்விட்டார். வெகுநேரம் கழித்துக் கராஜ் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார். மத்தியாஸ் பக்கத்தில் குந்தியிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். துளைக்குள் கையை விட்டு, ஒரு கணம் அப்படியே வைத்திருந்து, பிறகு அப்பா பூசினார்.

எனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். குரல் ஏன் கேட்டது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. மூன்று பேருக்கும் ஏன் அந்த ஒரே வார்த்தை, உயிர் பிழைக்கச் செய்யவேண்டிய ஒரே காரியம் — அதற்குப் பதில் இல்லை. மூச்சுத் திணறும் உடம்பு தனக்குப் பிடித்தவர்களின் குரலில் பேசியிருக்கலாம். இருக்கலாம்.

அக்டோபர் 9, செவ்வாய்

காற்று இழுக்கும் குழாய் இப்போது கூரைக்கு மேலே, உயர்ந்த கம்பத்தில், இஸ்டோர் புகை வராத பக்கம். தண்ணீருக்கு வேறு வழி. கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான காற்று நேரே கன்னுக்குப் போகாமல், சுவரில் மேலும் கீழுமாக மடித்த நீண்ட இரும்புக் குழாயில் நடந்து ஆறவேண்டும். ஆறும்போதே தண்ணீரைக் கீழே போட்டுவிடும். ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஒரு திறப்பு. கடைசியில் பஞ்சும் சிரட்டைக்கரியும் அடைத்த ஒரு கிண்ணம். மூடுபனி இறங்கிய நேரத்தில் கன்னைத் தொடுவதில்லை என்று மத்தியாஸ் சட்டம் போட்டிருக்கிறான்.

அப்பாவுக்கு இப்போது திறக்க நிறையக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பெருமூச்சு விடுகிறது. டின் மறுபடி நிறைகிறது.

அக்டோபர் 16, செவ்வாய்

தம்பி தொப்பியை நீட்டினான். "நீ முதல்ல போட்டுப் பாருக்கா. ஒருக்காகூட நீ போட்டதில்லயே."

ஆமாம், போட்டதில்லை. எது கேட்கும் என்று பயந்தேனா, கேட்காது என்றா?

கன்வஸ் வாசம். கண்ணாடிக்கு அப்பால் உலகம் சின்னதாக, தூரமாக இருந்தது. காற்று நெற்றியில் பட்டது. குளிர்ந்த, வெறும் காற்று. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அம்மா, நானும் உங்க பிள்ளதானே. என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

"என்னக்கா கேக்குது?"

"காத்து."

"காத்து மட்டுமா?"

"மட்டும்தான்."

தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டான். அன்றைய வேலையை முடித்தான். நிறுத்தவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கழற்றியபின் கராஜ் மூலையில் உட்கார்ந்து அழுதான். அம்மாவின் அடக்கத்தில்கூட அழாதவன்.

அக்டோபர் 27, சனி

நாகலெட்சுமி இன்று வந்து தொப்பியை ஒருதரம் கேட்டு வாங்கி, தலையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பித் தந்தாள். போகும்போது, "குளிருல நிக்காதீங்க டீச்சர்" என்றாள்.

நவம்பர் 2, வெள்ளி. ஆன்மாக்கள் திருநாள்

சிலுவையை விடியற்காலையில் கொண்டுபோய் நட்டோம். வெள்ளி நிறம், தகடு மாதிரி. "தெரேசா" முழுதாக. அடியில் மட்டும், மண்ணில் புதையும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரே ஒரு கொப்புளம். மத்தியாஸ் பார்த்துவிட்டான். உரசி எடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். விரலால் தொட்டுவிட்டு, "இருக்கட்டும்" என்றான்.

மெழுகுதிரி கொளுத்தினோம். பாதிரியார் மந்திரித்துக்கொண்டு போனார். பின்னேரம் மேல்மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. ஒவ்வொரு வரிசையாகச் சிலுவைகள் மறைந்தன, திரிகள் மட்டும் மிதந்தன. அப்பாவும் நானும் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டோம். தம்பி இன்னும் முழங்காலில் இருந்தான். பனியில் இருமல் வந்துவிடுமே என்று நினைத்தேன். கூப்பிட வாய் எடுக்கவில்லை.

"இந்தா, வர்றேன்" என்றான், யாருக்கோ பதில் சொல்வதுபோல. எழுந்தான்.

நான் கூப்பிடவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, எங்களைத் தாண்டி வெளியே வந்து, கேட்டைச் சாத்தினான்.